மகிஷனோடு ஒரு செல்ஃபி

மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் இருக்கும் ராமாபுரம் தன் இடத்தை விட்டு ஓரடிகூட நகர்ந்ததில்லை. விலாசம்தான் நாடோடியாகத் திரிந்திருக்கிறது. திப்பு சுல்தான் இருந்தவரை மைசூர். 1799-இல் அவர் போய்ச் சேர்ந்ததும் கொள்ளேகால் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினி வாயில் போட்டுக்கொள்ள, ஊர் கோயமுத்தூர் ஜில்லாவானது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரியாகக் கோடு கிழித்தபோது மறுபடியும் மைசூர். 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானதும் அதுவும் போயிற்று. பழக்கதோஷத்தில் மைசூர் என்றே எழுதுகிறவர்கள் இன்னும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கஷ்டம் போலந்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் அக்கம்பக்கத்து அரசுகள் மூன்றும் அவர்கள் நாட்டைப் பங்கு போட்டு, 123 வருஷம் வரைபடத்திலேயே இல்லாமல் அடித்துவிட்டன. நடுவில் 1792-இல் இங்கே கும்பினி, நிஜாம், மராத்தியர் என்று மூவர் சேர்ந்து திப்புவின் ராஜ்ஜியத்தில் பாதியைப் பிய்த்துக்கொண்டார்கள். அடுத்தவன் சொத்தில் பாகப்பிரிவினை செய்வது அன்றைய உலக ஃபேஷன்.

சரி, ராமாபுரத்தில் பஸ் ஏறி மைசூர் பார்க்கக் கிளம்புகிறவர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே கூட்டம் கூட்டமாகப் பார்ப்பதெல்லாம் யாரோ தோற்ற கதை, எதுவோ எரிந்த கதை, எவரோ சாபம் விட்ட கதை.

சாமுண்டி மலையிலேயே இது ஆரம்பித்துவிடும். மகிஷாசுரனை வதம் செய்தவள் அம்மன். அவளைப் பார்க்க வரிசையில் நின்று, அர்ச்சகர் விரட்டுவதற்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வரவேண்டும். செத்தவனோ வெளியே திறந்தவெளியில் ஒரு கையில் கத்தி, மறு கையில் பாம்பு, முறுக்கு மீசை என்று ஜம்மென்று நிற்கிறான். வருகிறவர்கள் எல்லாரும் அவன் காலடியில் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். போலந்தின் கிராக்கோவ் நகரத்திலும் இதே அநியாயம். கந்தகம் அடைத்த ஆட்டைத் தின்று, தாகம் தாங்காமல் விஸ்துலா ஆற்றைக் குடித்து, வயிறு வெடித்துச் செத்ததாம் ஒரு டிராகன். அதற்குச் சிலை வைத்து, வாயில் நெருப்பும் வரவழைத்திருக்கிறார்கள். ஆட்டில் கந்தகம் அடைத்த புத்திசாலியைத் தேடி யாரும் வருவதாகத் தெரியவில்லை.

அடுத்தது அலமேலம்மாள். 1610-இல் மைசூர் அரசர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தார். அங்கே விஜயநகரத்தின் பிரதிநிதியாக இருந்தவருடைய மனைவி அலமேலம்மாள் நகைகளோடு தலக்காட்டுப் பக்கம் ஒதுங்கினாள். 'அந்த நகைகள் ரங்கநாயகித் தாயாருக்குச் சாத்துகிறவை, கொடுத்துவிடு' என்று ஆளனுப்பினார் உடையார். ராஜ்ஜியத்தையே எடுத்துக்கொண்டவருக்கு நகைப்பெட்டியை மட்டும் விட மனசில்லை. அந்த அம்மாள் மூன்று சாபத்தை அள்ளி வீசிவிட்டுக் காவிரியில் குதித்ததாகச் சொல்கிறார்கள்: தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்கு வாரிசு இல்லாமல் போகட்டும். மணல் வந்ததற்குக் காற்றும் ஆற்றில் பழைய காலத்தில் கட்டிய அணையும் காரணம் என்கிறார்கள் படித்தவர்கள். அரண்மனை அவ்வளவு துணிச்சல் காட்டவில்லை; சாபம் விட்டவளுக்கே சிலை வைத்து நவராத்திரியில் பூஜை போட்டு வந்தது. அந்த அம்மாள் மசிந்த மாதிரி தெரியவில்லை. பல தலைமுறைகள் தத்துப் பிள்ளைகளால் ஓடின. 2015-இல் தத்து வந்த யதுவீருக்கு 2017-இல் மகன் பிறந்தபோது, 400 வருஷத்துச் சாபம் தீர்ந்ததா என்று பத்திரிகைகள் ஜோசியர் வேலை பார்த்தன.

ஊரே வாய் பிளந்து பார்க்கிற அரண்மனை? அதுவும் ஒரு விபத்தின் பலன்தான். 1897-இல் இளவரசி ஜெயலட்சுமம்மண்ணிக்குக் கல்யாணம். கல்யாண சந்தடியில் தீப்பிடித்து மர அரண்மனை சாம்பலானது. அப்போது மகாராஜாவுக்கு 12 வயது. ஆட்சி தாயார் கையில். அவர் ஹென்றி இர்வினைக் கூப்பிட்டார். நம் மெட்ராஸ் ஹைகோர்ட் கட்டிடத்தை முடித்துக் கொடுத்த அதே இர்வின். 1912-இல் வேலை முடிந்தபோது செலவு 41 லட்சத்துச் சொச்சம். உள்ளே கல்யாண மண்டபத்துக்குப் போனால் தூண்களைத் தட்டிப் பாருங்கள். (காவலாளி இல்லாத நேரமாகப் பார்த்து.) அத்தனையும் கிளாஸ்கோவில் வார்த்த இரும்பு. ஒரு கல்யாணத்தில் சூடுபட்ட குடும்பம். அடுத்ததற்கு மரத்தை நம்புமா? அப்படிப் பயந்து கட்டிய வீட்டுக்குத்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு போடுகிறார்கள்.

தசரா ஊர்வலத்தில் 750 கிலோ அம்பாரியைச் சுமக்கிற யானைக்கும் ஒரு அரசியல் உண்டு. முன்பெல்லாம் மேலே மகாராஜா உட்கார்ந்து வருவார். 1971-இல் இந்திரா காந்தி மன்னர் மானியத்தை ஒழித்த பிறகு மகாராஜா இறங்கி, சாமுண்டீஸ்வரி ஏறிக்கொண்டாள். யானையிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு இருட்டறை. அதில் கையில் விளக்கோடு ஒரு பெண்ணின் ஓவியம். சுடரை மறைக்கிற விரல்களின் இடுக்கில் தோல் செந்நிறமாகக் கசிகிறது. பின்னால் நிற்கிறவர் முதுகில் இடிக்கும்வரை கண்ணை எடுக்க முடியாது. பார்த்துவிட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "ரவிவர்மா ரவிவர்மாதான்" என்று உருகுவார்கள். வரைந்தவர் எஸ். எல். ஹல்தன்கர், மாடலாக நின்றது அவருடைய மகள். நல்ல படமாக இருந்தால் ரவிவர்மா கணக்கில் எழுதிவிடுவது நம் தேசிய வழக்கம்.

உண்மையிலேயே ஊர் ஜெயித்த இடம் ஒன்று உண்டு. 1905-இல் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் ஓர் ஓலைக்கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். கிரந்த எழுத்து. நூலகர் சாமசாஸ்திரி பிரித்துப் படித்தால், தொலைந்துபோனதாக எல்லாரும் நினைத்திருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்! 1909-இல் அச்சிட்டார். எந்த டூரிஸ்ட் வண்டியும் அங்கே நிற்பதில்லை. மைசூர் பாக்குக் கடையில்தான் நிற்கும்.

திப்புவின் பிரபலமான பொம்மையை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தேடினால் கிடைக்காது. வெள்ளைக்காரன் மேல் புலி ஏறி உட்கார்ந்திருக்கிற மரப்பொம்மை. கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், கீழே கிடப்பவன் ஓலமிடுவான். கும்பினிக்காரர்கள் லண்டனுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே ஜனங்கள் வந்து கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றியதில், நூலகத்தில் படிக்க வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு புகார் செய்தார்கள். செத்த பிறகும் வெள்ளைக்காரனைத் தூங்கவிடாத பெருமை திப்புவுக்கே உரியது. பொம்மை இன்றும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கடைசியில் எல்லா வண்டியும் கிருஷ்ணராஜசாகர் வந்து சேரும். 1911-இல் தொடங்கிய அணை; அதன் காலடியில் திவான் மிர்சா இஸ்மாயில் போட்ட பிருந்தாவனம். தமிழ் சினிமா காதலர்கள் இந்தப் புல்வெளியில் ஓடிப்பிடித்து விளையாடிய காலத்தில் டிஎம்சி என்ற சொல் எந்த டூயட்டிலும் வரவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் நமக்குக் காவிரியில் வருஷத்துக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் என்று முடிவு சொல்லியும், ஆடி மாதமானால் மேட்டூர் நீர்மட்டத்தைக் கையைப் பிசைந்தபடி டிவியில் பார்க்கிற கூட்டம்தான், இங்கே பாட்டுக்குத் தகுந்தாற்போல் தண்ணீர் சிவப்பும் பச்சையுமாய் எகிறும்போது முதல் ஆளாகக் கைதட்டுகிறது. ஈரோட்டுப் பெரியவர் ஒருவர் மட்டும் துண்டை மடியில் போட்டுக்கொண்டு கை கட்டியபடி இருந்தார். பாட்டு முடிந்ததும் மகன் பக்கம் திரும்பினார்: "ஏங்கண்ணு, இத்தன தண்ணியவும் மேல தூக்கித் தூக்கிப் போடறானுங்களே, ஒருக்கா மேட்டூர்ப் பக்கமாச் சாய்ச்சுப் போட்டா என்னவாமா?"