டாங்கிக்கும் ஒரு லாரி வேண்டும்

கோலார் தங்கவயல்காரர்களுக்குக் கனம் என்றால் பயமில்லை. எங்கள் தாத்தாமார்கள் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை உடைத்து மேலே அனுப்பியவர்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் போயிற்று, கனம் போகவில்லை. 1964இல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம், எங்கள் வாயில் ‘பெமல்’, இந்த ஊரிலிருந்துதான் புல்டோசர்களையும் எக்ஸ்கவேட்டர்களையும் வெளியே அனுப்புகிறது.

அனுப்புகிறது என்று சொல்வது சுலபம். பங்காருபேட்டை சாலையில் புல்டோசர் ஏற்றிய டிரெய்லருக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது எங்கள் ஊர்க்காரனின் ஜாதகத்திலேயே எழுதியிருக்கிறது. முந்தவும் முடியாது, திரும்பவும் முடியாது. “கல்யாணத்துக்குக் கிளம்பினா வளைகாப்புக்குப் போய்ச் சேரலாம்” என்பார் மாமா. ஃபிட்டராக இருந்து ரிடையரானவர்.

“ஏன் மாமா, இதுக்குத்தான் எஞ்சின் இருக்கே, தானே ஓடிப் போகாதா?” என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

“ஓடும்டா. ஓடினா பின்னாடி ரோடு இருக்காது.”

விஷயம் அவ்வளவுதான். இரும்புச் சங்கிலியில் நடக்கிற வண்டி தாரைப் பெயர்த்துவிடும், சங்கிலியும் தேயும், டீசலும் ஆறாக ஓடும். அதனால் சாலை போடவே பிறந்த புல்டோசர், சாலையில் கால் வைக்காமல் இன்னொரு வண்டியின் முதுகில் ஏறிப் போகிறது. டாங்கிக்கும் இதே விதி. அகழி தாண்டும், சுவரை இடிக்கும். ஆனால் போர்க்களம் வரைக்கும் அது வெறும் பயணி. போலந்து நாட்டு வடிவமைப்பில் பெமல் தயாரித்த மீட்பு வண்டிகள் இருக்கின்றன. சேற்றில் சிக்கிய டாங்கியை இழுத்து வெளியே போடுவது அவற்றின் உத்தியோகம். தூரப் பயணம் என்றால் அவற்றையும் ஒருவர் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வகையே 58 டன்னுக்கு மேல். 2021 பிப்ரவரியில் சென்னையில் பிரதமர் ராணுவத் தளபதியிடம் ஒப்படைத்த மார்க் 1ஏ 68 டன். முதல் வகையின் அகலமே 3.86 மீட்டர். நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். டாங்கி லேனுக்குள் அடங்காது என்று இதற்குப் பொருள். நம் ஊரில் ஆட்டோவே லேனுக்குள் அடங்காததால் யாரும் இதைத் தனியாகக் கவனிப்பதில்லை.

சுமக்கிற லாரியின் கதை இன்னும் ருசி. 1986இல் செக்கோஸ்லோவாக்கியாவுடன் ஒப்பந்தம் போட்டு டாட்ரா லாரிகளை ராணுவத்துக்குக் கொண்டுவந்தது பெமல். அபாரமான வண்டி. நடுவில் முதுகெலும்புபோல் ஒரே இரும்புக் குழாய், அதிலிருந்து இருபுறமும் தனித்தனியாக அசையும் அரை அச்சுகள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பக்கத்துச் சக்கரம் அதைக் கண்டுகொள்ளாது. பிரித்வி ஏவுகணையையும் பினாகா ராக்கெட்டையும் சுமந்த தோள் அது. ஒரே ஒரு சங்கடம், ஸ்டீயரிங் இடப்பக்கம். நாமும் இடப்பக்கம் போகிறவர்கள். ஆக, ஓட்டுநருக்கு ஓரத்துச் சாக்கடை துல்லியமாகத் தெரியும். எதிரே வருவது பஸ்ஸா, எமனா என்று பக்கத்தில் இருப்பவர் தலையை நீட்டிப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

இத்தனை வசதியும் இல்லாத காலத்தில் நடந்ததுதான் உண்மையான வித்தை. 1948 காஷ்மீர்ப் போரில் 7ஆம் லைட் கேவல்ரி படைப்பிரிவின் ஸ்டூவர்ட் டாங்கிகளை, ஒவ்வொன்றும் சுமார் 15 டன், ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் வழியாக ஜோஜி லா கணவாய்க்குக் கொண்டுபோக வேண்டும். 11,500 அடி உயரம். வழியில் இருப்பவை நோஞ்சான் பாலங்கள். எதிரிக்கும் தெரியக்கூடாது. என்ன செய்தார்கள்? டாங்கிகளுக்கு மொட்டை அடித்தார்கள். மேலிருந்த பீரங்கிக் கோபுரத்தைக் கழற்றித் தனியாக எடுத்துக்கொண்டு, போர்வை போர்த்தி நகர்த்தினார்கள். கணவாயின் அடிவாரமான பால்டாலுக்கு மேலே கோவேறு கழுதை போகிற தடத்தை டாங்கி போகிற பாதையாக வெட்டிக் கொடுத்தது மேஜர் தங்கராஜு தலைமையிலான மதராஸ் சாப்பர்கள் என்னும் ராணுவப் பொறியாளர்கள். ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப்பெயரே ‘தம்பி’. நவம்பர் 1ஆம் தேதி அந்த உயரத்தில் டாங்கியைக் கண்ட எதிரிக்கு எப்படி இருந்திருக்கும்! ஏற்றிவிட்ட தம்பிகளின் தலைமையகம் எங்கள் பக்கத்து பெங்களூரு அல்சூரில்தான் இருக்கிறது.

உலகம் பிறகு இதைவிட எளிய வழியும் கண்டது. 2022இல் உக்ரைன் விவசாயிகள், ரஷ்யர்கள் விட்டுப்போன கவச வண்டிகளை டிராக்டரில் கட்டி இழுத்துப் போனார்கள். டிரெய்லர் இல்லை, பெர்மிட் இல்லை, ஒரு கயிறு போதும்.

நமக்குக் கயிறு போதாது. டாங்கியைவிடப் பல மடங்கு கனமான ஒற்றைக்கல் பெருமாள் சிலை, 2018 டிசம்பரில் வந்தவாசிப் பக்கம் கொரக்கோட்டையிலிருந்து 240 டயர் லாரியில் கிளம்பி, பெங்களூரு ஈஜிபுரா வந்து சேர 2019 ஜூன் ஆயிற்று. டயர்கள் வெடித்தன, வழியில் கட்டடங்களின் முகப்பை இடித்தார்கள், பாலத்தை நம்பாமல் ஆற்றுக்குள் மண்பாதை போட்டார்கள். தெய்வத்துக்கே இந்தக் கதி என்றால் டாங்கி எம்மாத்திரம்?

ஆகவே கனரக வண்டியை நகர்த்துவதில் குதிரைசக்தி கடைசிக் கணக்கு. பாலம், வளைவு, தாழத் தொங்கும் மின்கம்பி, இவைதான் முதல் கணக்கு. கம்பியைத் தூக்கிப் பிடிக்க மூங்கில் கழியோடு முன்னால் போகிற ஆள்தான் அந்த ஊர்வலத்தின் உண்மையான தளபதி.

ஊர் முகப்பில் தலைவர்களுக்கு அலங்கார வளைவு கட்டுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தயவுசெய்து கொஞ்சம் உயரமாகவும் அகலமாகவும் கட்டுங்கள். போர் வந்தால் டாங்கி போகட்டும், வராவிட்டால் எங்கள் ஊர் புல்டோசராவது போகட்டும்.