‘கெட்’ என்னும் வினையின் கெடுபிடிகள்

ஈஸ்ட் ஹாம், இலண்டன்.

பெருமதிப்பிற்குரிய புலவர் ஐயா அவர்களுக்கு, தங்கள் பழைய மாணவன் பணிந்து விடுக்கும் மடல்.

ஆய்வுரை எதுவாயினும் அதில் தன்மைப் பெயர் தலைகாட்டக் கூடாது என்பதும், சொல்ல வேண்டியவை யாவும் படர்க்கையிலேயே சொல்லப்பட வேண்டும் என்பதும் தங்கள் வகுப்பறையின் விதிகளாதலால், இலண்டன் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று தாங்கள் கேட்டிருந்த வினாவுக்கான விடையும் அம்முறையிலேயே இங்குத் தரப்படுகிறது. குளிராலும் சோறு கிடைக்காமையாலும் மாணவன் வாடுவதாகத் தாங்கள் கவலையுற்றிருக்கலாம். ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் முருங்கைக்காயும் இடியாப்பமும் கிடைப்பதால் சோற்றுக் கவலை இல்லை, குளிருக்குக் கம்பளிச் சட்டை உண்டு. அவனை வாட்டுவதெல்லாம் நேரசை ஒன்றே கொண்ட ‘கெட்’ என்னும் ஆங்கில வினைச்சொல்தான்.

அச்சொல் இங்கிலாந்து மண்ணில் தனிச்சொல்லாகப் பிறந்ததன்று. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் கடல் கடந்து வந்து அந்நாட்டில் குடியேறிய வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து அது ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முன்பு அதன் உறவுச்சொல், மறத்தலைக் குறிக்கும் ‘ஃபர்கெட்’ போன்ற கூட்டுச்சொற்களுக்குள் மட்டுமே ஒடுங்கிக் கிடந்தது. வந்தவர்களுள் பலர் கொள்ளையிட வந்தவர்களாதலால், அவர்கள் கொண்டுவந்த இவ்வினையின் முதற்பொருள் ‘பெறுதல்’ என அமைந்ததில் வியப்பில்லை. எடுத்தலைக் குறிக்கும் ‘டேக்’ என்னும் சொல்லும் அவர்கள் வழியே வந்ததுதான்.

ஒரு சொல் பல பொருள்களை உணர்த்துவதைப் ‘பலபொருள் ஒருசொல்’ எனத் தொல்காப்பியம் வகுத்ததும், திவாகர நிகண்டு தன் 11ஆம் தொகுதியை அத்தகைய சொற்களுக்கே ஒதுக்கியதும் தாங்கள் கற்பித்தவை. ஆங்கிலேயரும் இவ்வகைச் சொற்களால் அல்லலுற்றவர்களே. 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில், பொருள் நெகிழ்ந்து எங்கும் பரந்து கிடக்கும் வினைகளால் தம் உழைப்பு பெருகியதாகச் சாமுவேல் ஜான்சன் குறைபட்டுக்கொண்டு பட்டியல் ஒன்றும் தந்துள்ளார். அதில் ‘கெட்’ இடம்பெற்றுள்ளது. பிற்காலத்து ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில், ஓடுதலைக் குறிக்கும் ‘ரன்’ என்னும் வினையைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர் அதற்கு 645 பொருள்களைக் கண்டார் என்பதும், அவ்வொரு வினைக்கே ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆயிற்று என்பதும் நோக்கத்தக்கன.

நிகண்டுச் சொல்லுக்கும் ‘கெட்’டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நிகண்டுச் சொல்லின் பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘கெட்’டின் பொருளோ பெரும்பாலும் அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு துணுக்குச் சொல்லில் இருக்கிறது. ‘அப்’ என்பது வந்தால் படுக்கையிலிருந்து எழுதல். ‘பை’ வந்தால் இருப்பதைக் கொண்டு காலந்தள்ளுதல். ‘ஓவர்’ வந்தால் நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீளுதல். ‘த்ரூ’ வந்தால் தொலைபேசியில் இணைப்புக் கிடைத்தல். ‘ஆன்’ வந்தாலோ பேருந்தில் ஏறுதலும், ஒருவரோடு ஒத்துப்போதலும், சில இடங்களில் முதுமை எய்துதலும் ஆகும். இடைச்சொல் தனித்து நடக்கும் இயல்பற்றது என்று பாடம் கேட்டவனுக்கு, இங்கே இடைச்சொல் முன்னே நடக்க, வினைச்சொல் அதன் பின்னே இழுபட்டுச் செல்வது உலகம் தலைகீழானதைப் போல் தோன்றியது. தமிழ்நாட்டார் இவற்றுள் நன்கறிந்தவை இரண்டே: ஒன்று, திரைப்பட முதலாளிகள் வாசலைக் காட்டிக் கூவும் ‘கெட் அவுட்’; மற்றொன்று, நடிகரின் ஒப்பனைக் கோலத்தைக் குறிக்கும் ‘கெட்டப்’. இவ்விரண்டை மட்டும் கைம்முதலாகக் கொண்டு இலண்டனில் இறங்கியவனின் நிலையைத் தாங்களே உய்த்துணரலாம்.

வாலில்லாத ‘கெட்’ அதனினும் கொடியது. அலுவலகத்தார் எழுவர் காப்பிக்கடைக்குச் சென்றபோது, தட்டைத் தூக்கிவரும் பணியை மேற்கொள்ளும் பணிவோடு மாணவன் ‘ஐ வில் கெட் தீஸ்’ என்றான். ‘கொண்டுவருதல்’ என்பது அவன் கருதிய பொருள். கடையில் அவ்வாறு சொன்னால் ‘இவற்றுக்கான பணத்தை யான் செலுத்துவேன்’ என்பதே மரபுப் பொருள் என்பது, அறுவரும் ஒருசேர நன்றி கூறி இருக்கைக்குத் திரும்பிய பின்னர்த்தான் தெளிவாயிற்று. அன்றைய சொல்லாராய்ச்சிக்கு ஆன செலவு ஏறக்குறைய 25 பவுண்டு.

‘கெட்’ பிறவினையாகவும் தொழிற்படும். பிறவினையாவது ஒருவர் தாமே செய்யாமல் பிறரைக் கொண்டு செய்விப்பது. தமிழில் ‘முடி வெட்டிக்கொண்டான்’ என்றால் வெட்டியவர் முடிதிருத்துபவரே என்பது கேட்போர்க்கு விளங்கும். அதை அப்படியே ஆங்கிலமாக்கி, ‘ஐ கட் மை ஹேர்’ என்று மாணவன் சொன்னபோது, எதிரிலிருந்தவர் அவன் பிடரியை இரக்கத்தோடு நோக்கி, ‘நீங்களே வெட்டினீர்களா? சிறு பிழைதான், வளர்ந்துவிடும்’ என்று ஆறுதல் கூறினார். ‘காட்’ என்னும் இறந்தகால வடிவத்தை இடையில் செருகி, ‘கட்’டைக் கடைசிக்குத் தள்ளியிருந்தால் பழி முடிதிருத்துபவர் மேல் போயிருக்கும்.

இவ்வினையின் மற்றோர் ஆற்றல், செயலே நிகழாமல் செயல் நிகழ்வதுபோல் தோன்றச் செய்வது. சனவரிக் குளிரில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுபோயிற்று. வீட்டுக்காரரிடம் முறையிட்டபோது, முதல் நாள் ‘கெட் இட் சார்ட்டட்’ என்றார், அதாவது சரிசெய்விப்பார். நான்காம் நாள் ‘கெட் பேக் டு யூ’ என்றார். அதாவது விசாரித்துவிட்டு மறுமொழி சொல்வார். பத்தாம் நாள் ‘காட் ரவுண்ட்’ என்பதை எதிர்மறையில் பெய்து, அதற்கு இன்னும் நேரம் வாய்க்கவில்லை என்றார். மூன்று தொடரிலும் ‘கெட்’ இருந்தது; வெந்நீர்தான் இல்லை.

இனி ‘கெட் ஆஃப்’. பேருந்திலிருந்தும் இரயிலிலிருந்தும் இறங்குதல் என்பது இதன் நேர்ப்பொருள். ஒரு மாலையில் அலுவலக மேலாளரோடு ஒரே இரயிலில் பயணம் செய்து ஸ்ட்ராட்ஃபோர்டு நிலையத்தில் இருவரும் இறங்கிய செய்தியை, மறுநாள் மாணவன் உணவு மேசையில் ‘உடன்’ எனப் பொருள்படும் ‘வித்’ என்னும் இடைச்சொல்லைச் சேர்த்து அறிவித்தான். மேசை அமைதியாயிற்று. அவ்விடைச்சொல் சேர்ந்த மாத்திரத்தில் அத்தொடர் பிரித்தானியப் பேச்சுவழக்கில் புறத்திணையை விட்டு நீங்கி அகத்திணைக்குள் புகுந்துவிடுகிறது. இதற்கு மேல் விளக்குவது தங்கள் முன்னிலையில் முறையாகாது. மேலாளர் அதன் பின்னர் வேறு இரயிலில் போகிறார்.

இவ்வளவையும் ஆங்கிலத்தின் குறையாகவே எழுதி முடிக்கத் திட்டமிட்டிருந்த வேளையில், தமிழ் கற்கத் தொடங்கியிருக்கும் ஆங்கிலேயத் தோழர் ஒருவர் சென்ற கிழமை ஒரு குறிப்பேட்டோடு வந்தார். ‘அடி’ என்பதற்குப் புடைத்தல் எனப் பொருள் எழுதியிருந்த அவர், அதன் கீழே தமிழ் நண்பர்களிடம் கேட்டவற்றை வரிசைப்படுத்தியிருந்தார்: வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, மணி அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், தலைக்கு மொட்டை அடிக்கிறார்கள், தேர்வில் காப்பி அடிக்கிறார்கள், தெருவில் சைட் அடிக்கிறார்கள், வீட்டில் அரட்டை அடிக்கிறார்கள், வாய்ப்புள்ளவருக்கு லாட்டரியும் அடிக்கிறது. ‘தமிழர் இத்தனை அமைதியான மக்களாயிருந்தும் ஏன் எதையும் அடிக்காமல் விடுவதில்லை?’ என்று அவர் கேட்டார். விடை கூற இயலாதவன், ‘விடுவதில்லை’ என்பதில் உள்ள ‘விடு’வைப் பற்றியும் அவர் கேட்டுவிடுவாரோ என்றஞ்சிப் பேச்சை மாற்றினான்.

ஒரு மொழியில் நாள்தோறும் மிகுதியாக உழைக்கும் வினை தேய்ந்து தன் பொருளை இழந்து, பக்கத்துச் சொல்லின் பொருளைச் சுமக்கும் கூலியாளாகிவிடுகிறது. அதனைப் பிறந்தது முதல் பேசுவோர்க்கு அத்தேய்மானம் தெரிவதில்லை, வந்தவர்க்குத் தெரிகிறது என்பதே இவ்வாராய்ச்சியின் முடிபு. ஆதலால், ‘அடி’ என்னும் வினைக்கு வழக்கில் உள்ள பொருள்கள் மொத்தம் எத்தனை எனத் தாங்கள் எண்ணி எழுதியனுப்புமாறு வேண்டப்படுகிறது. தங்கள் மறுமொழி வரும்வரை, அத்தோழரிடம் ‘ஐ வில் கெட் பேக் டு யூ’ என்று சொல்லிவைக்கப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
தங்கள் பழைய மாணவன்