தெரியுதா சார்?

"தெரியுதா சார்?" என்று கேட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றுவார் எங்கள் தெருக்காரர் ஒருவர். வெளியே விட்ட அரைக்கைச் சட்டை. உள்ளே இடது இடுப்பில் ஒரு மேடு. "லேசாத் தெரியுது" என்றால் முகம் வாடிவிடும். "தெரியலையே" என்றாலோ, பூரித்துப்போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டுவார். அரைக் கிலோ துவரம்பருப்பு.

2014-இல் கான்பூரிலிருந்து வந்த 'நிர்பீக்' ரிவால்வரின் எடை அது. விலை அப்போதே 1.22 லட்சம். பென்ஷனில் கட்டாது என்று 'நிடார்' பக்கம் இறங்கினார். 250 கிராம், முப்பத்தைந்தாயிரத்துச் சொச்சம். அந்த மாதம் இடுப்பில் கால் கிலோ கடலைப்பருப்பு. 2023-இல் 'பிரபல்' வந்தது, எழுநூறு கிராம். துவரையோடு இருநூறு உளுந்து சேர்ந்தது. சினிமாவில் வருகிற 9 எம்.எம். பொதுஜனத்துக்குக் கிடையாது, நமக்கு விதித்தது .32 போன்றவைதான் என்பதை மட்டும், ரேஷனில் பச்சரிசி கிடைக்காதவர் மாதிரிச் சொல்வார்.

பால் பூத்தில், கோயில் பிராகாரத்தில், அம்பத்தூர் ஓ.டி. போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி, எங்கேயும் அந்த ஒரே கேள்வி. உட்கார்ந்தால் தெரியுதா? குனிந்தால்? வேட்டி கட்டினால்? ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும்போது பாக்கெட் வெடித்துவிட்டது. பரிமாறுகிற பையன் குனிந்து பார்த்துவிட்டு, சாம்பார் வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டான். சாயங்காலம் மாமி வாசலுக்கு வந்து "பருப்பு எங்கே?" என்று கேட்டால், திருமுல்லைவாயலில் எங்கள் தெருக் குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் பதில் தெரியும்.

இத்தனைக்கும் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ரிடையர் ஆனவர். அறுபது டன்னை நெருங்கும் அர்ஜுனோடு காலம் தள்ளிய மனுஷர்.

லைசென்ஸா? 2022 ஜனவரியில் ஆவடிக்குத் தனி கமிஷனரேட் வந்ததிலிருந்து "இனிமே நம்ம ஊர்லயே வேலை முடிஞ்சுடும் சார்" என்கிறார். விண்ணப்பத்தில் ஆயுதம் எதற்கு என்கிற கட்டத்திலேயே நிற்கிறார். உயிருக்கு ஆபத்து என்று எழுதிவிடலாம். யாரால் என்று கேட்டால் சொல்வதற்குத்தான் ஆள் அமையவில்லை. ஒரு நாள் என்னையே ஏற இறங்கப் பார்த்தார்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். மழை நாளில் என் வீட்டு மோட்டாரை அணைத்துவிட்டு, சொல்லாமலே போகிறவர் வேறு.

ஆனால் எங்கள் தெருமுனைக் கம்பத்தில் விளக்கு எரிந்து ஏழு மாதம் ஆகிறது. பூக்கார அம்மாவின் சங்கிலி அந்த இருட்டில்தான் போனது. "பிரபல் அம்பது மீட்டர் போகும் சார், கரெக்டா அந்தக் கம்பம் வரைக்கும்" என்று கையை நீட்டிக் குறிபார்த்துக் காட்டினார். விளக்குக்காக நான் எழுதிய மனுவில் இருபத்திரண்டு வீட்டுக் கையெழுத்து. மூன்று தடவை அவரிடம் போனேன். போன ஞாயிறு தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"கையெழுத்தெல்லாம் வேணாம் சார். நம்ம பேரு வெளிய தெரியும்" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மெதுவாக ஒரு சுற்று சுற்றினார்.