டோக்கனுக்கு ஒரு டோக்கன்

அரசு மருத்துவமனைகளின் நடைமுறைகளை அடியோடு மறுசீரமைக்கப் போகிறார்களாம். நல்ல செய்தி. வழக்கம்போல முதல் கூட்டம் நட்சத்திர விடுதியில் நடக்கும். மருத்துவமனையிலேயே நடத்தலாமே என்று கேட்டுவிடாதீர்கள். அங்கே உட்கார நாற்காலி இல்லை, கழிப்பறைக்குக் கதவு இல்லை. கன்சல்டன்ட் பவர்பாயின்ட் போடுவார். முதல் ஸ்லைடில் இப்போதைய நடைமுறை: கட்டம், அம்பு, கட்டம், அம்பு. அடுத்ததில் வரப்போகும் நடைமுறை: அதே கட்டம், அதே அம்பு, நிறம் மட்டும் பச்சை. கைதட்டல். முந்திரி பக்கோடா.

குழுவில் செயலகம் இருக்கும், இயக்குநரகம் இருக்கும், மென்பொருள் கம்பெனி இருக்கும். ராத்திரி முழுக்க ஒற்றை ஆளாக வார்டைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் இருக்கமாட்டார். ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் இருக்கமாட்டார். நோயாளியா? அவர் பயனாளி. பயனாளிகளைத் திறப்பு விழாவுக்குத்தான் கூப்பிடுவது மரபு.

திட்டம் தரைக்கு வந்து சேரும் அழகைப் பார்க்க ஏதாவது ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் காலை எட்டு மணிக்குப் போங்கள். சுவரில் க்யூஆர் கோடு. ‘ஸ்கேன் செய்யுங்கள், வரிசையில் நிற்க வேண்டாம்.’ அதை ஸ்கேன் செய்ய ஒரு நீண்ட வரிசை. சர்க்கரை மாத்திரை வாங்க வந்த பாட்டியின் கையில் பட்டன் போன். பதினான்கு இலக்க ஆபா எண், அதாவது டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண், வேண்டும் என்கிறார்கள். அதற்கான ஓடிபி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் மகனின் போனுக்குப் போகிறது. அவன் டீ இடைவேளையில்தான் போனைத் தொட முடியும். ஒருவழியாக டோக்கன் வாங்கி ஜன்னலில் நீட்டினால், உள்ளே இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து ஒரு நீள நோட்டில் பேனாவால் எழுதுகிறார்.

“நோட்டு எதுக்கு சார்?”

“சர்வர் படுத்துட்டா?”

அவரைக் குறை சொல்ல முடியாது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்களை ஹேக்கர்கள் முடக்கியபோது, நாட்டின் முதன்மையான அந்த மருத்துவமனையே ஏறத்தாழ இரண்டு வாரம் காகிதத்தையும் பேனாவையும் வைத்துத்தான் ஓடியது. ஆக, முன்பு ஒரு வரிசை, இப்போது இரண்டு. இதற்குப் பெயர் மறுசீரமைப்பு.

கிராம சுகாதாரச் செவிலியரின் கதையும் இதுதான். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பது அவர் வேலை. பார்த்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அதையே கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி தளத்தில் ஏற்ற வேண்டும், அதையே மாதாந்தர அறிக்கையாக அனுப்ப வேண்டும். பிக்மி நம்பர் இல்லாவிட்டால் மகப்பேறு நிதியுதவிக்கும் அலைய வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டும் என்பதால், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதைவிட நம்பர் வாங்கித் தருவதே அவசரமாகிவிட்டது.

இந்த மறுசீரமைப்பு வித்தைக்கெல்லாம் மூலவர் மேலாண்மை நிபுணர் மைக்கேல் ஹேமர். 1990-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்: உதவாத வேலையைக் கம்ப்யூட்டரில் ஏற்றாதீர்கள், ஒழித்துக்கட்டுங்கள். ஃபோர்டு கம்பெனியில் சரக்குக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல் உட்கார்ந்து மூன்று காகிதங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபோர்டு அந்த ஒப்பிடும் வேலையையே தூக்கி எறிந்தது. நம்மவர்கள் என்ன செய்வார்கள்? மூன்று காகிதத்தையும் ஸ்கேன் செய்து, அந்தப் பிரதியில் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்குவார்கள்.

ஓ.பி. வரிசையில் கைவைக்கும் இவர்கள், கோப்பு போகும் பாதையைத் தொட்டதே இல்லை. லிஃப்ட் நின்றுவிட்டதா? நிலைய மருத்துவ அலுவலர் டீனுக்கு எழுதுவார், டீன் பொதுப்பணித்துறைக்கு எழுதுவார், அங்கே மதிப்பீடு போடுவார்கள், மதிப்பீட்டுக்கு நிதி ஒப்புதல் வேண்டும், ஒப்புதலுக்குள் நிதியாண்டு முடிந்துவிடும். அதுவரை அறுவை முடிந்தவரைச் சாய்தளத்தில் சொந்தக்காரர்களே தள்ளிக்கொண்டு ஏற வேண்டும்.

மறுசீரமைப்பே தேவைப்படாத நடைமுறையும் ஒன்று உண்டு. பிரசவ வார்டு வாசலில் ஆண் பிள்ளைக்கு ஒரு ரேட், பெண் பிள்ளைக்கு ஒரு ரேட். ஒற்றைச் சாளரம், ஓடிபி கிடையாது, சர்வர் படுக்காது, உடனடி சேவை. வாங்குகிறவரை மட்டும் திட்டி ஆவதென்ன? அவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் சம்பளம் காண்டிராக்டர் கையைத் தாண்டி வருவதற்குள் இளைத்துவிடுகிறது. அந்த ஒப்பந்தம் எந்தக் கன்சல்டன்டின் கட்டத்துக்குள்ளும் வராது.

நம்மால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். செய்து காட்டியவர்கள் நாம். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மருந்துக் கொள்முதல் ஒரே இடத்துக்கு வந்தது. மாவட்டங்களில் கிடங்குகள் வந்தன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக்; அதில் உள்ள தொகைக்குத் தேவையான மருந்தை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். வந்த மருந்தில் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்; தேறினால்தான் பணம். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. கம்ப்யூட்டர் அங்கேயும் இருந்தது. ஆனால் வேலை செய்தது கம்ப்யூட்டர் அல்ல. எந்த மருந்தை எவரிடம் வாங்குவது என்று தனித்தனியே தீர்மானித்தவர்களின் கையிலிருந்து பேனா பிடுங்கப்பட்டது. அதனால்தான் மாத்திரை ஏழையின் கைக்கு வந்தது.

ஆகவே அடுத்த திட்ட அறிக்கை மேசைக்கு வரும்போது வண்ணப் படங்களைப் புரட்ட வேண்டாம். இதனால் யாருடைய கையெழுத்து குறைகிறது, யாருடைய கமிஷன் போகிறது என்று மட்டும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தில் காலியாகக் கிடக்கும் நர்ஸ் பணியிடங்களை நிரப்புங்கள். எந்த அதிகாரிக்கும் வயிறு கலங்காமல் ஒரு மறுசீரமைப்புத் திட்டம் ஒப்புதல் வாங்கிவிட்டதென்றால், நோயாளிக்கு அதில் ஒன்றுமே இல்லை என்று தாராளமாக எழுதி வைத்துக்கொள்ளலாம்.