ஒதுக்கியது கோடி, ஒதுங்க இடமில்லை

கக்கூஸ் தமிழ்ச் சொல் அல்ல. டச்சுக்காரன் விட்டுப்போனது என்கிறார்கள். 1613இல் அவன் கோட்டை கட்டிய பழவேற்காடு, வட சென்னையின் எண்ணூருக்கு வடக்கே, இதே கடற்கரையில்தான் இருக்கிறது. சொல் கரையேறி நூற்றாண்டுகள் ஆயிற்று. பொருள்தான் இன்னும் வந்து சேரவில்லை.

பெயருக்கு மட்டும் பஞ்சமில்லை. கழிப்பிடம் என்றோம். கழிப்பறை என்றோம். 'நம்ம டாய்லெட்' வந்தது. காசு போட்டால் கதவு திறக்கும் 'இ-டாய்லெட்' வந்தது. பல இடங்களில் காசை விழுங்கியது, கதவைத் திறக்கவில்லை. அவசரத்துக்கு வந்தவன் பின்பக்கமாகச் சுற்றிப் போனான். எந்தத் திட்டம் வந்தாலும் பழுதில்லாமல் இயங்குவது அந்தப் பின்பக்கம் ஒன்றுதான்.

விடிவதற்கு முன் காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஊர் தூங்கும்போதே பெண்கள் மீன் ஏலத்துக்கு வந்துவிடுகிறார்கள். வஞ்சிரத்துக்கு ஐஸ் உண்டு. விசைப்படகுக்கு டீசல் உண்டு. அந்தப் பெண்களுக்கு ஒதுங்க இடம் உண்டா? "கீது, ஆனா உள்ள கால் வைக்க முடியாது" என்பார்கள். சென்னைத் துறைமுக வாசலில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கின்றன. பெட்டிக்கு எண் உண்டு, சீல் உண்டு, ஸ்கேன் உண்டு. ஓட்டுநருக்கு லாரியின் பின்சக்கரம் உண்டு.

வட சென்னை கழிவைப் பார்க்காத ஊரா? நகரத்துக் குப்பை லாரி லாரியாகக் கொடுங்கையூருக்கு வருகிறது. சாக்கடையும் குழாய் வழியே அங்கேதான் வருகிறது. சென்னை தன் வயிற்றைக் காலி செய்ய வட சென்னை வேண்டும். வட சென்னைக்காரன் தன் வயிற்றைக் காலி செய்யத்தான் இடமில்லை.

அந்தச் சாக்கடைக்குக் கிடைக்கும் மரியாதையைக் கேளுங்கள். 2019இல் கொடுங்கையூரில் ஆர்.ஓ. ஆலை திறந்தார்கள். திறன் நாளுக்கு 4.5 கோடி லிட்டர். கழிவுநீரைக் கட்டம் கட்டமாகச் சுத்திகரித்து, தனிக் குழாய் போட்டு, மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. இங்கே மலம்கூடக் குளித்து முழுகி ஆலை வேலைக்குப் போகிறது. அதைக் கழித்த மனிதன்தான் வாளியோடு வரிசையில் நிற்கிறான்.

பணம் இல்லையா? யார் சொன்னது? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களிலும் மெரினாவிலும் கழிப்பறைகளைக் கட்டிப் பராமரிக்கத் தனியாருக்கு மாநகராட்சி ஒப்பந்தம் தந்தது. சுமார் 430 கோடி ரூபாய். கழிப்பறையைச் சீட் கணக்கில் எண்ணுகிறார்கள். கட்சிக்காரர்களுக்குப் பழகிய கணக்கு. எத்தனை சீட் என்று கேளுங்கள், உடனே பதில் வரும். எத்தனையில் தண்ணீர் வருகிறது, எத்தனைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்று கேட்காதீர்கள். அது எதிர்க்கட்சிக் கேள்வி.

டெல்லிக் கணக்கு இன்னும் சுத்தம். 2019 அக்டோபர் 2 அன்று குஜராத்தில் பிரதமர் அறிவித்தார்: 60 மாதத்தில் 60 கோடிப் பேருக்கு 11 கோடிக் கழிப்பறைகள், கிராமங்களில் இனி யாரும் வெளியே போவதில்லை. அடுத்த மாதமே அரசின் சொந்தப் புள்ளியியல் துறை, 2018இல் எடுத்த கணக்கை வெளியிட்டது. கிராமத்து வீடுகளில் நூற்றுக்கு 28க்கு மேல் கழிப்பறை வசதி இல்லாதவை. இடைப்பட்ட மாதங்களில் அத்தனையையும் கட்டிவிட்டார்கள் என்று நம்புவோம். நம்பிக்கைக்குத் தண்ணீர் இணைப்பு வேண்டியதில்லையே.

கட்டியது அடைத்துக்கொண்டால் யார் இறங்குவது? பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவது குற்றம் என்று 2013இல் சட்டம் வந்தது. 2021இல் மாநிலங்களவையில் ஒன்றிய அரசு சொன்னது: கையால் மலம் அள்ளி யாரும் சாகவில்லை. அதே ஆண்டு அதே அரசு தந்த இன்னொரு கணக்கு: 1993 முதல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கிச் செத்தவர்கள் 941 பேர். அதில் தமிழ்நாடு 213. நாட்டிலேயே முதலிடம். எதற்கெல்லாமோ 'முதலிடம்' என்று பேனர் கட்டுகிற ஊரில், இதற்கு மட்டும் துணி கிடைக்கவில்லை.

உயிரோடு இருக்கும் தூய்மைப் பணியாளர்கள் நியாயம் கேட்டார்கள். அதே ராயபுரம், அதே திரு.வி.க. நகர். அங்கே தூய்மைப் பணியையும் தனியாரிடம் தூக்கிக் கொடுத்தபோது, 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில், நீதிமன்ற உத்தரவோடு வந்து காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. சென்னையில் குப்பையை இத்தனை சுறுசுறுப்பாக யாரும் அள்ளியதில்லை. மறுநாள் அமைச்சரவை கூடியது. தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு இலவசம் என்றது. ராத்திரி வேன், காலையில் இட்லி. அதற்கடுத்த நாள் சுதந்திர தினம். மிட்டாயும் கொடுத்திருப்பார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வட சென்னையில் ஒரு சுகாதாரத் திட்டம் ஒழுங்காக நடக்கிறது. டெண்டர் இல்லை. திறப்பு விழா இல்லை. கல்வெட்டில் யார் பெயரும் இல்லை. மீன் விற்கப் போகிற பெண்கள், வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. அவ்வளவுதான் திட்டம்.

ஆலைகளின் தாகத்துக்கு நாளுக்கு 4.5 கோடி லிட்டர் ஒதுக்கியிருக்கிறோம். கூடை சுமக்கிறவள் ஒரு டம்ளருக்குப் பயப்படுகிறாள்.