மூன்று லட்ச ரூபாய் மயிர்

எட்டாம் வகுப்பில் என் ரஃப் நோட்டைக் கணக்கு வாத்தியார் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தார். கடைசிப் பக்கத்தில் அவரையேதான் வரைந்திருந்தேன். மூக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக வந்துவிட்டது. "படம் வரைஞ்சா சோறு போடுமாடா?" என்று கேட்டார். அதே படம் வரைவதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து வருஷம் கழித்துச் சென்னையில் மூன்று லட்ச ரூபாய் கேட்டார்கள், பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. தனி. ஆகப் படம் சோறு போடத்தான் செய்கிறது. யாருக்கு என்பதைத்தான் வாத்தியார் கேட்க மறந்துவிட்டார்.

எங்கள் அரசுப் பள்ளியில் ஓவியத்துக்கு ஒரு சார் இருந்தார். பகுதிநேரம். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று தமிழ்நாடு முழுக்க 16,549 பேரை வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய் என்று எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவர். அந்த வருஷங்களில் மே மாதம் சம்பளம் கிடையாது. மே மாதத்தில் ஓவியனுக்கு வயிறு இருக்காது என்பது அரசாங்கம் கற்ற உடற்கூறியல். வருஷா வருஷம் சென்னைக்கு வந்து உட்கார்ந்து, கோஷம் போட்டு, போலீஸ் வேனில் ஏறி இறங்கி, 2024-ல்தான் அவர்கள் 12,500-ஐத் தொட்டார்கள்.

அரைப்பரீட்சை நெருங்கினால் ஓவிய பீரியடே இருக்காது. கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்று, "போர்ஷன் முடியல சார்" என்பார். நிரந்தர வேலைக்காரர் கேட்கும்போது தற்காலிக வேலைக்காரர் எப்படி மறுப்பார்? சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் போவார். போகிறபோது ஒருநாள் என்னிடம் சொன்னார்: "உன் இடது கையை வரைடா. நூறு தடவை வரை. கை வந்துட்டா மத்ததெல்லாம் தானா வரும்." நான் நாற்பதோடு நிறுத்திவிட்டேன். பத்தாம் வகுப்பு வந்துவிட்டது.

இனி அந்த மூன்று லட்ச ரூபாய் அனிமேஷன் பயிற்சி மையம். கீழே பிரியாணிக் கடை, மேலே ஸ்போக்கன் இங்கிலீஷ், நடுமாடியில் என் எதிர்காலம். சுவர் முழுக்கப் புலி. 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலி. கவுன்சலர் மேடம் அதைக் காட்டி, "உங்க பையனும் இந்த மாதிரி பண்ணுவான் சார்" என்றார். மளிகைக் கடையில் கணக்கு எழுதும் என் அப்பாவை அன்றுவரை யாரும் சார் என்று அழைத்ததில்லை. அந்த ஒரு சொல்லுக்கே பாதிப் பணம் சரியாகிவிட்டது. "டிகிரியா மேடம்?" என்று கேட்டார். "டிகிரியைவிட மேல சார், இது கரியர்." அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. மீதிக்கு அங்கேயே ஒரு கடன் கம்பெனிக்காரர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற நிறுவனம், 2013-ல் ஆஸ்கர் வாங்குவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால் திவால் மனு கொடுத்திருந்தது. மேடையில் விருது வாங்கியவர் அதைச் சொல்ல வாயெடுத்ததும் சுறாப் படத்து இசையைப் போட்டு அவரை அமுக்கினார்கள். இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். புலியைச் செய்தவன் நடுத்தெருவில் நின்றான். புலிப் படத்தைச் சுவரில் ஒட்டியவன் இரண்டாவது கிளை திறந்தான்.

இரண்டு வருஷப் படிப்பில் பென்சில் பிடித்தது மூன்று வாரம். முப்பது பேருக்கு நாலு லைட் பாக்ஸ். அதில் இரண்டுக்கு விளக்கு எரியாது. சொல்லிக்கொடுத்தவர் போன பேட்ச் மாணவர். வேலை கிடைக்காததால் அவரையே ஆசிரியராக்கி, நூறு சதவீத வேலைவாய்ப்புக் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொண்டார்கள். மனித உருவம் வரைய மாடல் வேண்டும் என்றதும் வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். அவர் அரைமணி நேரம் அசையாமல் இருந்தார். எழுந்து வந்து என் தாளை எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கையை முட்டியோட முடிச்சிட்ட?" என்றார். அந்தக் கட்டடத்தில் என் படத்தை ஒருவர் உண்மையாகப் பார்த்துத் திருத்தியது அந்த ஒருமுறைதான்.

மற்றதெல்லாம் பட்டன். இதை அழுத்தினால் எக்ஸ்ட்ரூட், அதை அழுத்தினால் பெவல். ஒரு மரப்பீப்பாய், ஒரு வாள், ஒரு புதையல் பெட்டி. முப்பது பேரின் டெமோ ரீலிலும் அதே பீப்பாய் அதே வேகத்தில் சுற்றும். எங்கள் ஊரில் பீப்பாயைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. ஆட்டுக்கல் செய்யட்டுமா என்று கேட்டேன். "கிளையண்ட் கேக்க மாட்டான்." பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறதே, அதைச் சொல்லித்தரக் கூடாதா என்று கேட்டேன். "ஃப்ரீ சாஃப்ட்வேருக்கு இண்டஸ்ட்ரியில மதிப்பில்ல." அந்த மதிப்பில்லாத மென்பொருளில் செய்த 'ஃப்ளோ' என்ற லாட்வியா நாட்டுப் படம் 2025-ல் ஆஸ்கர் வாங்கிவிட்டது. பாவம், லாட்வியாக்காரர்களுக்கு எங்கள் கவுன்சலர் மேடத்தின் நம்பர் தெரியவில்லை.

மனிதக் கையை மாடல் செய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள். என்னுடையது இஞ்சிக் கிழங்கு போல வந்தது. கட்டைவிரல் எங்கிருந்து புறப்படுகிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. நாற்பதுக்கும் நூறுக்கும் நடுவில் எங்கோ அது இருந்திருக்கும். மையத்து சாரிடம் கேட்டபோது, "நெட்ல ரெடிமேட் கை கிடைக்குது, இறக்கி ஒட்டிக்கோ" என்றார். ஒட்டினேன். ஏ பிளஸ்.

இதற்கிடையே 2022 பட்ஜெட்டில் ஏ.வி.ஜி.சி. துறைக்குப் பணிக்குழு அமைப்பதாக அறிவித்தார்கள். அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ். நாலு எழுத்திலும் ஓவிய வாத்தியாருக்கு இடமில்லை. வேரில் தண்ணீர் விடாமல் பழத்துக்கு மட்டும் குழு போடும் விவசாயம் இது. மையத்துக்காரர்கள் அந்த அறிவிப்பையும் அச்சடித்துப் புலிக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள்.

படிப்பு முடிந்ததும் சொன்னபடியே வேலை வந்தது. ரோட்டோ. நடிகர் பச்சைத் திரைக்கு முன்னால் நின்றாலும் நிற்காவிட்டாலும், பின்னால் வேறு உலகத்தை வைக்க அவரை ஓரம் பிடித்து வெட்டியெடுக்க வேண்டும். ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஐந்து விநாடி ஷாட் என்றால் 120 தடவை. எனக்குத் தலைமுடி ஒதுக்கினார்கள். ஹீரோ காற்றில் தலையைச் சிலுப்புவார். ஒவ்வொரு மயிர்க்கற்றைக்கும் புள்ளி வைத்துக் கோடு இழுத்து அடுத்த ஃபிரேமுக்கு நகர்த்த வேண்டும். ராத்திரி ஷிஃப்ட், கண்ணில் சொட்டு மருந்து. மூன்றாவது வாரம் சீனியர் அண்ணன் காதருகே வந்து சொன்னார், அது விக். மூன்று லட்சம் கொடுத்து, அம்மா கழுத்தைக் காலியாக்கி, நான் வரைவது மயிர்கூட இல்லை.

சம்பளம் பன்னிரண்டாயிரம். படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களில் என் பெயர் இல்லை. கேட்டரிங் வேன் ஓட்டுநர் பெயர் இருந்தது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் உண்மையிலேயே சோறு போட்டவர்.

2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் குழுமம் விழுந்து பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள். பதினைந்து வருஷ அனுபவம் உள்ளவர்கள் எங்கள் கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்பினார்கள். அதே வாரம் நான் படித்த மையத்தில் பலூன் கட்டிப் புது பேட்ச் ஆரம்பித்தார்கள். கோர்ஸ் பெயரில் முன்னால் 'ஏ.ஐ.' சேர்ந்திருந்தது. கட்டணத்திலும் நாற்பதாயிரம் சேர்ந்திருந்தது. எங்கள் முதலாளியோ, ரோட்டோவை இனி மெஷினே போட்டுவிடும், உங்களை வைத்திருப்பது இரக்கத்தால் என்கிறார். இரக்கத்துக்கு பி.எஃப். கிடையாது.

அந்த வருஷம் மே மாதம் ஒரு ராத்திரி, பதினொரு மணி இருக்கும், ஓவிய சார் போன் செய்தார். ஊர், மழை, என் அம்மா என்று சுற்றிச் சுற்றிப் பேசினார். ஃபிளெக்ஸ் வந்தபிறகு போர்டு எழுதும் வேலையும் இல்லையாம். பிறகு குரலைத் தணித்து, "ஒரு ரெண்டாயிரம் இருக்குமாப்பா? ஜூன் சம்பளம் வந்ததும் தந்துடறேன்" என்றார். வருஷத்தில் பதினொரு மாதம் அவர் என்னைவிட ஐநூறு ரூபாய் பணக்காரர். மே மாதம் மட்டும் நான். ஆயிரம் இருந்தது, அனுப்பினேன்.

போனை வைப்பதற்கு முன் கேட்டார். "கை வருதாடா?"

திரையில் 87-வது ஃபிரேம் திறந்திருந்தது. "முடி பண்ணிட்டிருக்கேன் சார்" என்றேன்.