எட்டாம் நாள்

1974. எங்கள் ஓட்டு வீட்டின் பின்கட்டில் அம்மா தம்பியைப் பெற்றாள். மருத்துவச்சிப் பாட்டி கதிர் அறுக்கும் அரிவாளின் முனையால் கொடியை அறுத்து, அறுத்த இடத்தில் அடுப்புச் சாம்பலை அப்பினாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவளுடைய அம்மா அவளுக்குக் காட்டிக்கொடுத்தது அதுதான்.

ஆறாம் நாள் தம்பி பால் குடிக்கவில்லை. வாய் கிட்டிக்கொண்டது. கதவைச் சாத்துகிற சத்தத்துக்கே உடம்பு வில்லாக வளைந்தது. பட்சி தோஷம் என்று வேப்பிலை அடித்தார்கள். எட்டாம் நாள் விடியுமுன் போய்விட்டான். பெயர்கூட வைத்திருக்கவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

அது ரணஜன்னி. மண்ணிலும் சாணத்திலும் கிடக்கிற கிருமி, அறுத்த கொடி வழியாக ஏறும். கர்ப்பிணிக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போட்டால், தாயின் எதிர்ப்புச் சக்தி வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். தம்பி பிறப்பதற்குப் பல வருஷம் முன்பே அந்த ஊசி உலகத்தில் இருந்தது. எங்கள் ஊருக்கு அதைச் சுமந்து வரத்தான் ஆளில்லை.

அந்த ஆளை அனுப்பியது அரசாங்கம். 1985-ல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1990-ல் என் மகள் வயிற்றில் இருந்தபோது, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நர்ஸம்மா வரப்பு வழியே களத்துமேட்டுக்கே வந்துவிட்டார். "தேதி தாண்டுதும்மா, கையக் காட்டு" என்று, முறத்தைக் கீழே வைக்கச் சொல்லி ஊசி போட்டு, அட்டையில் குறித்துக் கொடுத்தார். திட்டம் என்றால் எனக்கு இன்றும் அந்த ஐஸ் பெட்டிதான்.

2019-ல் மகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம். கொடியில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் போட்டிருந்தார்கள். சாம்பல் என்ன, மருந்துகூடத் தடவாமல் அப்படியே காயவிட்டார்கள். அம்மா மட்டும் விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் இரவு தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் பிள்ளை வீரிட்டழுது பால் குடித்தது. அப்புறம்தான் அம்மா படுத்தாள்.

"அம்மாச்சி ஏம்மா தூங்கல?" என்று கேட்டாள் மகள். ரணஜன்னி என்றேன். அவள் அந்தப் பேரையே கேள்விப்பட்டதில்லை.

இந்தியாவில் பச்சிளங்குழந்தை ரணஜன்னி ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2015-ல் உறுதிசெய்தது. ஆனால் கிருமி இன்னும் மண்ணில்தான் இருக்கிறது, இனியும் இருக்கும். உங்கள் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், அட்டையை எடுத்து ஊசித் தேதியைப் பாருங்கள்.